குடும்பத்துக்குக் கைகொடுத்தால் குழந்தை பள்ளிக்கு வரும்

ஒரு மாணவர் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடும். ஏன் வரவில்லை என்பது அதில் தெரியாது. காரணம் பெரும்பாலும் வீட்டில் இருக்கும். அப்பாவுக்கு வேலை போயிருக்கும். பாட்டி படுத்த படுக்கையாகியிருப்பார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. வாரம்தோறும் கட்ட வேண்டிய குழுக் கடனுக்குப் பயந்து குடும்பமே ஊரை விட்டுப் போயிருக்கும். பாடத்தை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இவற்றை வகுப்பறைக்குள் இருந்தபடி நம்மால் சரிசெய்ய இயலாது.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். கடந்த கல்வியாண்டில் எங்கள் வட்டாரத்தில் இயங்கும் ஒரு சமூக நலத் தொண்டு நிறுவனத்தின் குடும்ப ஆதரவுப் பணியோடு எங்கள் பள்ளி இணைந்து செயல்பட்டது. தலைமையாசிரியர் என்னைத் தொடர்பு ஆசிரியராக இருக்கச் சொன்னார். குடும்ப ஆதரவு என்பது என்ன, அது ஓராண்டில் எப்படி நடக்கிறது, அதில் ஆசிரியரின் பங்கு எதுவரை என்பதை அந்த அனுபவத்திலிருந்து விளக்க விரும்புகிறேன். குடும்பங்களின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்ப ஆதரவு என்றால் என்ன?

இந்த நிறுவனம் முன்பு குழந்தைகள் இல்லம் நடத்தி வந்தது. அங்கே தங்கியிருந்த பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வறுமையும் நோயும் கடனும்தான் அவர்களை வீட்டிலிருந்து பிரித்திருந்தன. இல்லத்தில் ஒரு குழந்தையை வளர்க்கச் செலவிடும் உழைப்பையும் பணத்தையும் அந்தக் குழந்தையின் வீட்டுக்கே கொண்டுசென்றால் என்ன என்று நிர்வாகிகள் யோசித்தார்கள். அப்படித்தான் இந்தப் பணி தொடங்கியது.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, குழந்தையை வளர்க்கும் முதன்மைப் பொறுப்பு குடும்பத்துக்கு உரியது என்றும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் அடிப்படைக் கொள்கைகளில் கூறுகிறது. குடும்பத்தில் இருந்தபடியே குழந்தை வளர்வதற்கான நிதி ஆதரவு அச்சட்டத்தின் 45ஆவது பிரிவில் இடம்பெற்றுள்ளது. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் குழந்தை குடும்பச் சூழலில் வளர வேண்டும் என்கிறது.

நடைமுறையில் இந்தப் பணிக்கு மூன்று பகுதிகள் உண்டு. குடும்பத்துக்கு ஏற்கெனவே உரிமையுள்ள அரசுத் திட்டங்களைப் பெற்றுத் தருவது முதல் பகுதி. மருத்துவச் செலவு, ஒழுகும் கூரை, சில வார மளிகை போன்ற நெருக்கடிக் கால உதவி இரண்டாவது. வாரம் ஒருமுறையோ இருமுறையோ வீட்டுக்குச் சென்று கூட இருந்து பேசுவது மூன்றாவது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டாவது பகுதிதான் தெரியும். ஆனால் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி முதலாவதுக்கும் மூன்றாவதுக்குமே போகிறது.

பணி நடக்கும் முறை

முதலில் வகுப்பாசிரியர் ஒரு அரைப்பக்கக் குறிப்பு எழுதுவார். மாணவர் எந்தெந்த நாள்களில் வரவில்லை, நடத்தையில் என்ன மாற்றம் தெரிகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இந்த மாணவரிடம் உள்ள நல்ல திறன் என்ன என்று நான்கே கேள்விகள். தீர்ப்புச் சொற்கள் வேண்டாம் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. 'பொறுப்பில்லாத தந்தை' என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. 'மூன்று வாரமாகப் புதன்கிழமை மட்டும் வரவில்லை' என்று எழுதினால் அதிலிருந்து ஒரு வழி பிறக்கும்.

அடுத்து, தலைமையாசிரியர் பெற்றோரை அழைத்து அவர்களின் சம்மதத்தைக் கேட்பார். சம்மதம் இல்லாமல் குறிப்பு பள்ளியை விட்டு வெளியே போகாது. சம்மதம் கிடைத்தபின் நிறுவனத்தின் குடும்பப் பணியாளர் வீட்டுக்குச் செல்வார். எங்கள் பகுதிக்கு வந்தவர் சமூகப்பணி படித்த ஓர் இளம்பெண். தாய்மார்கள் எல்லோருக்கும் அவர் 'அக்கா'தான், வயதில் மூத்தவர்களுக்கும்கூட. முதல் இரண்டு வருகைகளில் அவர் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்.

மூன்றாவது வருகையில் குடும்பத்தாரோடு உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதப்படும். எது முதலில் சரியாக வேண்டும் என்று குடும்பமே சொல்ல வேண்டும். நமக்குப் பள்ளி வருகை முதலாகத் தோன்றும். அவர்களுக்குக் குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது முதலாக இருக்கலாம். திட்டத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வு. குடும்பம் தானே நடந்துபோகும் நிலைக்கு வந்ததும் கோப்பு மூடப்படும். எந்தக் குடும்பத்தையும் என்றென்றைக்கும் தாங்கிக்கொண்டிருப்பது அவர்கள் நோக்கமில்லை.

ஜூன், ஜூலை: சான்றிதழ்களின் காலம்

கல்வியாண்டின் முதல் இரண்டு மாதங்கள் பெரும்பாலும் தாள்களோடு கழிந்தன. எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை பெங்களூரில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் அதைப் பதிவு செய்ய முடியும். 21 நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. தாமதமாகும் அளவுக்குச் சிக்கல் கூடும். அந்தத் தாய்க்கு இது எதுவும் தெரியாது. உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ததோடு முடிந்தது என்று இருந்துவிட்டார்.

இறப்புச் சான்றிதழ் இல்லாததால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றுபோயின. வாரிசுச் சான்று இல்லை. மாதம் ரூ.1,200 தரும் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் நிதி ஆதரவுக்கும் வழியில்லை. குடும்பப் பணியாளர் காவல் நிலைய ஆவணத்தின் நகலைத் தேடி எடுத்து, தாயைப் பெங்களூருக்கு இருமுறை அழைத்துச் சென்று, சான்றிதழைக் கையில் வாங்கித் தந்தார். இதற்கே பத்து வாரம் ஆனது. அதன்பிறகு மற்றவை நகர்ந்தன.

ஆசிரியர்களாகிய நாம் தெரிந்திருக்க வேண்டிய திட்டங்கள் இவை:

மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு: தந்தையை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் குழந்தைகள், உறவினரிடம் வளரும் ஆதரவற்ற குழந்தைகள், கடும் நோயாலோ உடல் முடக்கத்தாலோ பெற்றோர் உழைக்க முடியாத குழந்தைகள் போன்றோருக்கு மாதம் ரூ.4,000. குடும்ப ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் ரூ.72,000க்கும் மற்ற பகுதிகளில் ரூ.96,000க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

அன்புக்கரங்கள்: 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் மாதம் ரூ.2,000.

வருவாய் ஈட்டும் பெற்றோரை விபத்தில் இழந்த மாணவர்களுக்கான நிதி: அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்போருக்கு ரூ.75,000. தாய் அல்லது தந்தை விபத்தில் நிரந்தரமாக முடங்கினாலும் பொருந்தும். மாணவர் பெயரில் வைப்புத் தொகையாகச் செலுத்தப்படும். இதற்கான கோப்பு பள்ளியிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்பதால் பொறுப்பு நம்முடையது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம்: பதிவு செய்த தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. மேற்சொன்ன மாணவியின் தந்தை பதிவு செய்யவில்லை. சித்தாள் வேலைக்குப் போகும் தாயை இப்போது பதிவு செய்ய வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் படிப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் பெயர் இருந்ததால் மட்டும் சில விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. ஜூன் மாதத்திலேயே வகுப்பு முழுவதற்கும் இதைச் சரிபார்த்துவிட்டால் பின்னால் பல வாரங்கள் மிச்சமாகும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை: புதன்கிழமை வராத மாணவன்

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் புதன்கிழமைகளில் மட்டும் வருவதில்லை. வகுப்பாசிரியர் அதைக் குறித்துக் கொடுத்தார். புதன்கிழமை குழுக் கடன் வசூலிக்க ஆள் வரும் நாள் என்பது வீட்டுக்குப் போனபிறகு தெரிந்தது. தாய் காலையிலேயே கொல்லைப்பக்கமாகப் போய்விடுவார். வாசலில் உட்கார்ந்து 'அம்மா ஊர்ல இல்ல' என்று சொல்வது பையனின் வேலை. தவணைக்காரர் கிளம்ப மதியம் ஆகிவிடும்.

பணியாளர் அந்தத் தாயோடு உட்கார்ந்து கடன்களைத் தாளில் எழுதினார். மூன்று இடத்தில் கடன். இரண்டாவது வாங்கியது முதலாவதைக் கட்ட; மூன்றாவது வாங்கியது இரண்டாவதைக் கட்ட. வாரத் தவணைகளைக் கூட்டினால் அவர் கூலியை விட அதிகமாக வந்தது. அதுவரை அவர் மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்ததே இல்லை.

நுண்கடன் குறித்து ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகள் இங்கே உதவின. ஒரு குடும்பம் மாதந்தோறும் திருப்பிச் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் தரக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொல்லை தரக் கூடாது. குறித்த பொது இடத்துக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை தொடர்ந்து வராதபோதுதான் வீட்டுக்கு வரலாம். மிரட்டலும் அவமதிப்பும் கூடாது. பணியாளர் தாயுடன் கிளை அலுவலகங்களுக்குச் சென்று இந்த விதிகளை எடுத்துச் சொல்லி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கக் கேட்டார். இரண்டு இடங்களில் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது இடத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கடனை மட்டும் முதலில் அடைப்பது என்று முடிவானது. புதுக் கடன் எதுவும் வாங்குவதில்லை என்று அந்தத் தாயே திட்டத்தில் எழுதச் சொன்னார்.

அக்டோபரில் பையன் புதன்கிழமைகளில் வரத் தொடங்கினான். கடன் தீரவில்லை, இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாசலில் பொய் சொல்லும் வேலை மட்டும் அவனுக்கு இல்லை.

இதே மாதங்களில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டிருந்தாள். தம்பிக்கு இரண்டரை வயது. அங்கன்வாடி அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும், காலையில் கொண்டுபோய் விட ஆள் இல்லை. தாய் 7 மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். பக்கத்துத் தெருவில் தன் பேத்தியை அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்லும் பாட்டியிடம் பணியாளர் பேசினார். 'ஏம்மா, ஒண்ணக் கூட்டிட்டுப் போறவளுக்கு ரெண்டு பாரமா?' என்று அந்தப் பாட்டி கேட்டாராம். ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

நவம்பர், டிசம்பர்: மழையும் குடியும்

மழைக்காலத்தில் கூலி வேலை குறையும். நெருக்கடி உதவிகள் அதிகம் தேவைப்பட்டது இந்த இரண்டு மாதங்களில்தான். ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய், காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்லும் செலவு, நனைந்துபோன புத்தகங்களுக்கு மாற்று என்று சிறுசிறு உதவிகள். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கியது. அந்தச் சில நூறு ரூபாய் கையில் இல்லாததால்தான் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் பிள்ளைகள் வாரக்கணக்கில் காணாமல் போகிறார்கள்.

குடிப்பழக்கம் உள்ள வீடுகளில் பணி வேறு மாதிரி நடந்தது. பணியாளர் அந்தத் தந்தையர் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. பகலில், அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துப் போவார். பிள்ளையின் படிப்பைப் பற்றி மட்டும் பேசுவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை கிடைக்கும் என்ற தகவலை மனைவியிடமும் சொல்லி வைப்பார். ஒருவர் தாமாகவே கேட்டு வந்து சிகிச்சையில் சேர்ந்தார். இன்னொருவர் சேர்ந்து, பத்து நாளில் திரும்பிவிட்டார். அடி விழும் வீட்டில் இந்தப் பொறுமைக்கு இடம் கிடையாது. அங்கே உடனே 181 பெண்கள் உதவி எண் அழைக்கப்பட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றிச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசச் சட்ட உதவி வழங்குகிறது. அதன் எண் 15100.

ஜனவரி முதல் மார்ச் வரை: சூளைக்குப் போகும் குடும்பங்கள்

பொங்கல் முடிந்ததும் எங்கள் பகுதியிலிருந்து குடும்பங்கள் செங்கல் சூளைகளுக்குக் கிளம்பும். பல மாதங்களுக்கு முன்பே முன்பணம் வாங்கியிருப்பார்கள். மழைக்காலம் தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றால் அந்த ஆண்டின் படிப்பு அதோடு போயிற்று.

இங்கே மூன்று வழிகளை முயன்றோம். பாட்டி, சித்தி என்று உறவினர் ஊரில் இருந்தால் பிள்ளையை அவரிடம் விட்டுச் செல்ல ஏற்பாடு. அப்போது அந்த உறவினர் வீட்டுக்கு அரிசி, மளிகை உதவியை நிறுவனம் தரும்; பணியாளர் வாரந்தோறும் சென்று பார்ப்பார். உறவினர் இல்லாவிட்டால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பருவகால விடுதியோ அரசு விடுதியோ. அதுவும் முடியாவிட்டால், போகும் இடத்துக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்க, எமிஸ் எண்ணைக் குறித்துக் கையில் கொடுத்து அனுப்புவது.

மூன்று குடும்பங்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுச் சென்றன. அதில் ஒரு பாட்டிக்குக் கைப்பேசியில் காணொளி அழைப்பு எடுக்கத் தெரியாது. எங்கள் எட்டாம் வகுப்பு மாணவன் கற்றுக் கொடுத்தான். ஞாயிறு மாலை சூளையிலிருந்து அம்மா அழைப்பார். அழைப்பு வந்த வாரங்களில் அந்தக் குழந்தை வகுப்பில் இருக்கும் விதமே வேறாக இருந்தது.

ஒரு குடும்பத்தில் எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன், நன்றாகக் கணக்குப் போடுபவன். பெற்றோர் சம்மதித்திருந்தார்கள், விடுதியில் இடமும் பேசியாகிவிட்டது. பிப்ரவரியில் ஒரு நாள் இரவோடு இரவாக வண்டி வந்து எல்லோரையும் ஏற்றிச் சென்றுவிட்டது. இரண்டு பேர் வேலை செய்து அடைக்க முடியாத அளவுக்கு முன்பணம் ஏறியிருந்ததால், மூன்றாவது ஆளாகப் பையனும் போக வேண்டியதாயிற்று என்று பின்னர் உறவினர் சொன்னார். நிறுவனம் தேடிக்கொண்டிருக்கிறது. எமிஸ் தளத்தில் அவன் பெயர் இன்னும் காமன் பூலில்தான் இருக்கிறது. முன்பணத்தைக் காட்டி வேறு இடம் போகவிடாமல் தடுப்பது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வருவாய்க் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ யாரும் புகார் தரலாம். எங்கள் தலைமையாசிரியரும் நிறுவனமும் சேர்ந்து எழுத்துமூலம் தகவல் கொடுத்திருக்கிறோம்.

ஏப்ரல், மே: விடுமுறையில் வரும் ஆபத்து

பள்ளி நடக்கும்போது ஒரு பெண்பிள்ளை வராவிட்டால் நான்கு பேர் கேட்பார்கள். கோடை விடுமுறையில் கேட்க ஆள் இல்லை. குழந்தைத் திருமணப் பேச்சுகள் இந்த மாதங்களில்தான் நடக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பெண்பிள்ளைகளின் வீடுகளுக்கு மே மாதத்தில் பணியாளர் குறைந்தது இருமுறை சென்றார். அடுத்து எங்கே சேர்க்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பார். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும், தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் அது பொருந்தும். இதைத் தாயிடம் சொல்வதைவிடத் தந்தையும் இருக்கும்போது சொல்வது பயன் தந்தது.

திருமண ஏற்பாடு நடப்பது தெரிந்தால் பேசிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. 1098க்கு அழைக்க வேண்டும். நம் மாநிலத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அழைத்தவர் யார் என்பது வெளியே தெரியாது.

ஆசிரியர் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது

இந்த ஓராண்டில் எங்கள் பள்ளியில் நாங்கள் வகுத்துக்கொண்ட சில நடைமுறைகள்:

1. வராத நாள்களை எண்ணிக்கையாக மட்டும் பார்க்காமல் கிழமையாகவும் பார்க்க வேண்டும். திங்கள், சந்தை நாள், தவணை நாள், மாதக் கடைசி என்று ஒரு ஒழுங்கு தெரியும்.

2. வகுப்பில் எல்லோர் முன்பும் வீட்டு நிலை பற்றிக் கேட்கக் கூடாது. உதவி பெறும் மாணவர் யார் என்பது தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், தொடர்பு ஆசிரியர் மூவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

3. உதவி வழங்குவதைப் படம் எடுத்து வாட்சப் குழுக்களில் போடக் கூடாது. படம் வேண்டாம் என்று நிறுவனமே சொன்னது எங்களுக்கு அவர்கள் மீது நம்பிக்கை வரக் காரணமாயிற்று.

4. எந்தத் தொண்டு நிறுவனமாக இருந்தாலும் அதன் பதிவுச் சான்றைப் பார்த்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்து, முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துமூல அனுமதி பெற்ற பிறகே பள்ளிக்குள் அனுமதிக்க வேண்டும். மாணவர் விவரப் பட்டியலை மொத்தமாக யாரிடமும் தரக் கூடாது.

5. பள்ளி மேலாண்மைக் குழுவில் திட்டங்கள் பற்றிப் பொதுவாகப் பேசலாம். தனிக் குடும்பத்தின் பெயர் அங்கே வரக் கூடாது.

6. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தாலோ ஐயம் எழுந்தாலோ அது தொண்டு நிறுவனத்திடம் சொல்லித் தீர்க்கும் விஷயம் கிடையாது. போக்சோ சட்டம், 2012, 19ஆவது பிரிவின்படி காவல் துறைக்கு உடனே தகவல் தர வேண்டும். தராமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். குழந்தையிடம் மீண்டும் மீண்டும் விசாரிக்கக் கூடாது. சொன்னதை அதன் சொற்களிலேயே குறித்து வைத்தால் போதும்.

வகுப்பறைச் சுவரில் இந்த எண்கள் இருக்கட்டும்: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, பெண்கள் உதவி எண் 181.

இந்தப் பணியின் எல்லைகள்

எல்லா வட்டாரத்திலும் இப்படி ஒரு நிறுவனம் இருக்காது. இருக்கும் இடத்திலும் ஒரு பணியாளரால் குறைந்த எண்ணிக்கையிலான குடும்பங்களையே பார்க்க முடியும். எங்கள் பள்ளியிலிருந்து அனுப்பிய குறிப்புகளில் சில இன்னும் காத்திருக்கின்றன. நிதி நின்றால் பணியும் நிற்கும். ஆகவே நிறுவனத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளன. கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு உண்டு. நிறுவனம் செய்ததில் பெரும்பகுதி, இந்த அமைப்புகளுக்கும் குடும்பத்துக்கும் இடையே நடந்துபோனதுதான். அதில் ஒரு பகுதியை, சரியான படிப்புச் சான்றும் சரியான தகவலும் கொடுத்து, பள்ளியே செய்யலாம்.

ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமை ஆகாதா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். தொடர்பு ஆசிரியராக எனக்கு வாரம் சுமார் ஒரு மணி நேரம் ஆனது. வகுப்பாசிரியருக்கு அரைப்பக்கக் குறிப்பு எழுதும் நேரம். வராத மாணவரைத் தேடி வீடு வீடாக அலைவதற்கும், இடைநின்றவரைத் திரும்பச் சேர்ப்பதற்கும் நாம் ஏற்கெனவே செலவிடும் நேரத்தை விட இது குறைவு.

சூளைக்குப் போகும் குடும்பங்களின் பட்டியலை இதுவரை ஜனவரியில் எடுத்து வந்தோம். முன்பணம் கைமாறுவது அதற்கு வெகு முன்பே என்பதால், இந்த ஆண்டு அக்டோபர் முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியர்கள் அந்தப் பட்டியலைத் தயாரிப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். பருவகால விடுதிக்கான கோரிக்கையையும் அதே மாதத்தில் வட்டார வள மையத்துக்கு அனுப்ப இருக்கிறோம். இடப்பெயர்வு உள்ள மற்ற பள்ளிகளும் இந்தக் காலக்கணக்கைத் தங்கள் ஊருக்கு ஏற்ப வகுத்துக்கொள்ளலாம்.